பத்து நாளும் வந்த காவியா

விருத்தாசலம்
மே 18, சனிக்கிழமை காலை

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் இளவழகன் பணிவுடன் எழுதுவது. இங்கே என் உடம்பில் சொல்லும்படியாக ஒரு குறையும் இல்லை. அங்கே உங்கள் முழங்கால் வலி, அத்தையின் சர்க்கரை இரண்டும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். சாவித்திரியும் காவியாவும் நலமாக இருப்பார்கள். வெள்ளாற்றுப் பக்கம் இந்த வருஷம் வெயில் குறைவு என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னார். அது உண்மையானால் மகிழ்ச்சி.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் போன் பெரும்பாலும் காவியா கையில் இருக்கிறது. நான் எதையாவது அனுப்பினால் முதலில் அவள் பார்ப்பாள், பிறகு சாவித்திரி பார்ப்பாள், கடைசியில் போனின் சின்ன எழுத்தை அத்தை படித்துக் காட்ட நீங்கள் கேட்பீர்கள். இந்த விஷயம் அந்த வரிசையில் போகக்கூடாது, உங்களிடமிருந்து தொடங்க வேண்டும். தவிர, போனில் உங்களுக்கும் எனக்கும் நடக்கும் பேச்சு, “சொல்லுங்க மாப்ள”, “ஒண்ணுமில்ல மாமா” என்ற இரண்டு வரியைப் பதினான்கு மாதமாகத் தாண்டியதில்லை.

விஷயம் இதுதான். நேற்று வெள்ளிக்கிழமை மாலை, உங்கள் ஊர்க் கூட்டுரோட்டில் எட்டடிக்குப் பத்தடியில் ஒரு பேனர் கட்டியிருக்கிறார்கள். பச்சை நிறம். நடுவில் காவியா. மேலே, ‘பத்து நாளும் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து கோடை இயற்கை முகாமின் முதல் மாணவியாகத் திகழ்ந்த’ என்று இருக்கும். கீழே, ‘செல்வி இ. காவியாவை வாழ்த்துகிறோம்’ என்று இருக்கும். பக்கத்துக்கு ஒரு மயிலும், மூலையில் ஒரு வரிக்குதிரையும் உண்டு. வரிக்குதிரைக்கும் எங்கள் முகாமுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பேனர் கடைக்காரர் திருமாலிடம் இயற்கை என்ற பேரில் இருந்த படங்கள் அவ்வளவுதான். அந்தப் பத்து நாளும் காவியா உங்கள் வீட்டில்தான் இருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பேனர் அடித்தபோது அடித்தவர்களுக்குத் தெரியாது.

சாவித்திரி அதைப் பார்ப்பதற்கு முன் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் என்னிடம் போனில், “லீவு முடியறதுக்குள்ள காவியாவ ஒரு தடவ அனுப்ப முடியுமான்னு பாக்கறன்” என்றாள். அவள் உங்கள் வீட்டுக்கு வந்த இந்தப் பதினான்கு மாதத்தில் அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. இந்த நேரத்தில், அனுப்பாத மகளை வந்ததாகச் சொல்லி நான் ஊரெல்லாம் பேனர் கட்டியிருக்கிறேன் என்று அவள் நினைத்துவிட்டால், அந்தப் ‘பாக்கறன்’ அதோடு முடிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் எழுதுகிறேன். காவியாவை அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை. அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பீங்கான் கம்பெனியில் மே மாதம் சூளை பழுதுபார்ப்பதற்காக ஒரு மாதம் நிறுத்திவிட்டார்கள். சூளை எரியாவிட்டால் பரிசோதனை மேசைக்குச் சரக்கு வராது, சரக்கு வராவிட்டால் எனக்கு அங்கே வேலை கிடையாது. வீட்டில் இருந்தேன். வீடு பெரிய வீடு அல்ல என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் பகலில் அதில் இடம் நிறைய இருப்பதாகத் தோன்றியது. மூன்றாம் நாள் பாலர் பள்ளி நடத்தும் சந்திரலேகா மேடம் களிமண் கேட்டுக் கம்பெனிக்கு வந்தார்கள். வாட்ச்மேன் அவர்களை என்னிடம் அனுப்பிவிட்டார். ஆலடி ரோட்டுப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் குழந்தைகளுக்குப் பத்து நாள் இயற்கை முகாம் நடத்தப் போவதாகவும், காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை மரம், பறவை, பூச்சி எல்லாம் காட்டிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றும் சொன்னார்கள். “மரம் மட்டை பேரெல்லாம் தெரியுமா?” என்றார்கள். தெரியும் என்றேன். “பசங்களோட பழகத் தெரியுமா?” என்றார்கள். “எனக்கு ஒரு பொண்ணு இருக்குதுங்க” என்றேன். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமை எனக்கு ஒரு தொப்பி கொடுத்தார்கள். அதில் ‘இயற்கைக் கல்வியாளர்’ என்று எழுதியிருந்தது. பதினேழு வருஷம் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைத் தட்டித் தட்டி விரிசல் பார்த்தவன் ஒரே காலையில் கல்வியாளர் ஆனது இப்படித்தான்.

முகாமில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளும் சேரலாம் என்று மேடம் சொன்னார்கள். நான் காவியாவின் பேரைக் கொடுத்தேன். சாவித்திரி பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தாள் அல்லவா, அதை நம்பித்தான். அடையாள அட்டைக்குப் போட்டோ கேட்டார்கள். என்னிடம் தனியாக அவள் போட்டோ இல்லை. நம் புதுவீட்டு வாசலில் மூன்று பேரும் நின்று எடுத்த படத்தைப் போனிலேயே வெட்டிக் கொடுத்தேன். அதில் அவளுக்கு முன்பல் இரண்டு இல்லை. பேனரிலும் அதே படம்தான், அதனால் அங்கேயும் பல் இல்லாமல்தான் இருப்பாள். பல் முளைத்துவிட்டதா என்று போன ஞாயிறு கேட்டேன். “ம்” என்றாள். அன்றைக்கு எங்கள் பேச்சில் மொத்தம் பதினொரு ‘ம்’, இரண்டு ‘சரி’. படத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. காவியாவின் தோளில் வளையல் போட்ட ஒரு கை இருக்கும். எவ்வளவு வெட்டியும் அது போகவில்லை. அது சாவித்திரியின் கை. அவள் பேனரைப் பார்த்தால் மகளை அடையாளம் தெரிந்துகொள்வதற்கு முன் தன் கையை அடையாளம் தெரிந்துகொள்வாள் என்பதுதான் என் பயம்.

முதல் நாள் இருபத்தொரு குழந்தைகள் வந்தார்கள். வருகைப் பதிவேட்டில் இருபத்திரண்டு பேர். மேடம் எனக்கு ஒரே ஒரு விதி சொல்லியிருந்தார்கள்: “நீங்க பதில் சொல்லக்கூடாது சார். கேள்விதான் கேக்கணும். அதுங்களே கண்டுபிடிக்கணும்.” நானும் மரத்துக்கு மரம் நின்று, இது என்ன, அது ஏன் என்று கேட்டேன். அரை மணி நேரத்தில் பிரவீன்குமார் என்ற ஐந்தாம் வகுப்புப் பையன் கையைத் தூக்கி, “சார், உங்களுக்கு எதுவுமே தெரியாதா?” என்றான். அடுத்தது பறவை நோக்கல். பறவை பார்க்க வேண்டுமானால் சத்தம் போடக்கூடாது என்றேன். சத்தம் போடக்கூடாது என்பதை இருபத்தொரு பேரும் ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டார்கள். ஒரு கரிச்சான் இருந்தது, போய்விட்டது. இரண்டு மைனா இருந்தன, அவையும் போய்விட்டன. கடைசிவரை அசையாமல் நின்றது தோப்பைப் பார்த்துக்கொண்டு எங்களுக்குச் சுண்டல் வேகவைக்கும் காசியம்மாளின் கோழி மட்டும்தான். முதல் நாள் பறவைப் பட்டியலில் இருபத்தொரு நோட்டிலும் கோழி படம். “எங்கோழிய எதுக்கு இத்தினி பேரு மொறச்சிப் பாக்கறீங்க? முட்ட வைக்காம போயிடப் போவுது” என்று காசியம்மாள் கேட்டாள். மறுநாள் அது முட்டை வைக்கவில்லை. அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் முந்திரிப்பழம். பழத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், முகர வேண்டும் என்று சொன்னேன். தின்னக்கூடாது என்று சொல்ல மறந்துவிட்டேன். பதினைந்து பேருக்குத் தொண்டை கரகரத்தது. இருபத்தொரு வெள்ளைச் சட்டையிலும் சாறு. முந்திரிப்பழக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்த செய்திதான், ஆனால் அன்று மாலை வரை போன் செய்து எனக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான்காம் நாள் புதரோரம் ஒரு பாம்புச்சட்டை கிடைத்தது. முழுசாக, தலை முதல் வால் வரை கிழியாமல் இருந்தது. அதைப் பத்திரமாக அட்டையில் ஒட்டிப் பாடம் நடத்தலாம் என்று நான் கோந்து தேடிப் போன நேரத்தில் பிரவீன்குமார் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேனில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் அம்மா வந்தார்கள். “சட்ட இங்க இருக்குதுன்னா, கழட்டிப் போட்டுட்டுப் போனது எங்க இருக்குது சார்?” என்றார்கள். மேடத்தின் விதி ஞாபகம் வந்து நானும், “எங்க இருக்கும்னு நீங்க நினைக்கறீங்க?” என்று கேட்டுவிட்டேன். மாமா, விதிகளை எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கக்கூடாது என்பதை நாற்பத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன்.

இப்போது அந்தப் பதிவேட்டுக்கு வருகிறேன். முதல் நாள் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டேன். ஆறாவது பேர் காவியா. “யாரு சார் காவியா?” என்று திரௌபதி கேட்டாள். நான்காம் வகுப்பு, ஒல்லியான பெண், வாய் மட்டும் இரண்டு ஆள் அளவு. “வரும்” என்றேன். இரண்டாம் நாளும் கூப்பிட்டேன். திரௌபதி மறுபடியும், “இன்னிக்கும் வரலயா சார்?” என்றாள். “நாளைக்கு வரும்” என்றேன். மூன்றாம் நாள் நான் காவியா என்றதும், பின்வரிசையிலிருந்து கீச்சுக் குரலில் “பிரசன்ட் சார்” என்று பதில் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். திரௌபதிதான். நான் அதட்டியிருக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் ஓர் ஆள் கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தால் பக்கத்து ஆள் அவனுக்காகக் குரல் கொடுப்பான், சூப்பர்வைசரும் குனிந்தபடியே டிக் போடுவார். எத்தனையோ வருஷமாகப் பார்த்த பழக்கம். குரல் வந்தது, என் கை டிக் போட்டது. முதல் இரண்டு நாளுக்கு எப்படி டிக் வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நடுவில் ஒரே பேருக்கு மட்டும் இரண்டு கட்டம் காலியாக இருந்தது பார்க்க நன்றாக இல்லை. அதையும் நான்தான் நிரப்பினேன். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து காவியா முகாமில் இருந்தாள். நான் இல்லை என்று சொன்னாலும் குழந்தைகள் கேட்கவில்லை. வட்டமாக உட்காரும்போது திரௌபதி தன் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டாள். பிரவீன்குமார் அதில் உட்காரப் போனால், “டேய், ஆளு இருக்குது, கண்ணு தெரில?” என்றாள். செடி நடும்போது காவியாவுக்கு ஒரு நாவல் கன்று ஒதுக்கினார்கள். பத்து மணிக்குச் சுண்டலும் வாழைப்பழமும் கொடுக்கும்போது அவள் பங்கையும் திரௌபதி வாங்கினாள். “காவியா சாப்பிட்டாச்சா?” என்று கேட்டால், வாய் நிறையப் பழத்தோடு, “சாப்ட்டா சார். இன்னொண்ணு கேக்கறா” என்று பதில். மணல் குழியில் பதுங்கும் குழியானைப் பூச்சி பிடிக்கப் போனபோது காவியாவின் தீப்பெட்டியில் மூன்று குழியானைகள் இருந்தன, மற்றவர்களுக்கு ஒன்றோ இரண்டோதான். காவியாவுக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவாள் என்று என்னைக் கேட்டார்கள். ஓணானுக்குப் பயப்படுவாள் என்றேன். சொன்ன பிறகுதான், அது அவள் ஆறு வயதில் பயந்தது, எட்டு வயதில் எதற்குப் பயப்படுகிறாள் என்று எனக்குத் தெரியாதே என்று யோசித்தேன். அவர்களிடம் திருத்திச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஓணான் வந்தால் யாராவது ஒருவர் அந்தக் காலி இடத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்கள்.

ஏழாம் நாள் நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். எழுதிவிடுகிறேன். மேடத்தின் பெரிய லென்ஸ் ஒன்று உடைந்துவிட்டது. முகாமுக்கு இருந்ததே இரண்டு லென்ஸ். யார் உடைத்தது என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பிரவீன்குமார் தரையைப் பார்த்துக்கொண்டே, “காவியாதான் சார். கைதவறிப் போட்டுட்டா” என்றான். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் சிரித்திருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எம்பொண்ணு அப்படியெல்லாம் ஒடைக்க மாட்டா. ஒடச்சாலும் வந்து சொல்லிடுவா. அவமேல எதுக்குடா பழி போடறீங்க?” என்று கத்திவிட்டேன். தோப்பே அமைதியானது. முதல் தடவையாகப் பறவைச் சத்தம் தெளிவாகக் கேட்டது. திரௌபதி மெதுவாக, “நான்தான் சார் ஒடச்சன்” என்றாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டேன்.

ஏன் எழுதுகிறேன் என்றால், மாமா, சாவித்திரி வீட்டை விட்டுப் போவதற்கு முந்தின நாள் காவியா ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்தாள். அவள் வந்து சொல்லத்தான் செய்தாள். நான் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, எங்கே பிடித்தாய், எப்படிப் பிடித்தாய், ஏன் இரண்டு கையால் பிடிக்கவில்லை என்று விசாரணை நடத்தினேன். “உங்களோட இருக்கறது டெஸ்டிங் மேசமேல குந்திக்கினு இருக்கற மாதிரி இருக்குது. எந்நேரமும் தட்டிப் பாத்துக்கினே இருந்தா மனுசன் எப்படி இருக்கறது?” என்று சாவித்திரி கேட்டது அன்றைக்குத்தான். அப்போது நான் அதற்குப் பதில் யோசித்தேன். நல்ல பதில் கிடைத்தது, சொன்னேன். மறுநாள் அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள்.

உங்களுக்கும் என்மேல் ஒரு வருத்தம் இருப்பது தெரியும். புதுமனை புகுவிழாவுக்கு நீங்கள் சிதம்பரத்தில் வாங்கி வந்த பன்னிரண்டு பீங்கான் கப்புகளைச் சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்க நான் ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்து, விரிசல் என்று நான்கைத் தனியே எடுத்து வைத்தேன். நீங்கள் சாப்பிடாமல் பஸ் ஏறினீர்கள். அந்த நான்கில் ஒன்றில்தான் இப்போது தினமும் டீ குடிக்கிறேன். ஒழுகவில்லை. இதைத் தனியாக ஒரு கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும், காலம் தாழ்த்திவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

நேற்று நிறைவு விழா. பெற்றோர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சந்திரலேகா மேடம் மைக்கில், நம் முகாமுக்குப் பத்து நாளும் தவறாமல் வந்தது ஒரே ஒரு குழந்தைதான் என்று ஆரம்பித்தபோதே எனக்கு வியர்த்துவிட்டது. பதிவேட்டை அவர்கள் முந்தைய நாளே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மற்ற எல்லாருக்கும் ஏதாவது ஒரு நாள் கல்யாணம், ஒரு நாள் பல்வலி, ஒரு நாள் பழமலைநாதர் கோயிலுக்குச் சொந்தக்காரர்கள் வந்தது என்று விடுப்பு இருக்கிறது. வராத குழந்தைக்கு மட்டும் விடுப்பே இல்லை. காவியா என்று பேர் சொன்னதும் இருபத்தொரு பேரும் கைதட்டிய தட்டில் மேடமே மைக்கைத் தள்ளிப் பிடித்தார்கள். திரௌபதி எழுந்து மேடைக்குப் போகப் பார்த்தாள், அவள் அப்பா பின்சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். கடைசியில் நான் போய் வாங்கினேன். “எங்க சார் பொண்ணு?” என்றார்கள் மேடம். “வயித்துவலிங்க, வரல” என்றேன். “பத்து நாளும் வந்துட்டு இன்னிக்கிப் பாத்தா வயித்துவலி வரணும்? பாவம்” என்று மைக்கிலேயே சொன்னார்கள். கூட்டம் முழுக்க உச்சுக் கொட்டியது.

விழா முடிந்து பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றிருந்தபோதுதான் பேனர் விஷயம் தெரிந்தது. அடுத்த முகாமுக்கு உங்கள் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வர வேண்டும் என்று சேத்தியாத்தோப்புக் கூட்டுரோட்டுக்கு ஒன்று அடித்துத் திருமாலிடம் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். இனிமேல் மறைப்பதில் பயனில்லை என்று முதலில் காசியம்மாளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் குண்டானைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல், “பத்து நாளா நான்தான சுண்டல் குடுக்கறன். தலய எண்ணித்தான குடுக்கறன். எனக்குத் தெரியாதா? நீங்க பேரு கூப்புட்டுட்டு ரெண்டு செகண்டு காத்துக்கினு இருப்பீங்க பாரு, அதுக்குத்தான் நானும் ஒரு பங்கு கூடப் போட்டன்” என்றாள். பிறகு மேடத்திடமும் போய்ச் சொன்னேன். அவர்கள் பேனரின் மாதிரிப் படத்தைப் போனில் எடுத்துக் காட்டினார்கள். “பேனர எறக்கச் சொல்றன் சார்” என்றார்கள். திருமாலின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவர்கள் என்னைத் திட்டவில்லை. தொப்பியைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. திங்கட்கிழமை தொடங்கும் இரண்டாவது முகாமுக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். சாவித்திரியிடம் இதை எப்படிச் சொல்வது என்று உங்களுக்குத்தான் தெரியும். அவளை மிரட்டவோ, ஊரார் வாயை வைத்து அவளை வரவழைக்கவோ நான் எதுவும் செய்யவில்லை என்பதை மட்டும் அவள் நம்ப வேண்டும். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். காலையில் முகாம், மதியம் சமையல், மாலையில் குழந்தைகளின் நோட்டுகளைத் திருத்துவது என்று பொழுது சரியாக இருக்கிறது. தனியாக இருக்கிறேன் என்று நினைக்கவே நேரமில்லை. காவியாவை அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை என்பதைத் திரும்பவும் சொல்லிக்கொள்கிறேன். வெயில் நேரத்தில் குழந்தையை அலைக்கழிக்க வேண்டாம்.

அத்தையின் கால்களுக்கு என் வணக்கம். மாத்திரையை வேளை தவறாமல் போடச் சொல்லுங்கள். சாவித்திரிக்கு என் அன்பு. குழந்தை காவியா எல்லாச் செல்வமும் பெற்று நீண்ட நாள் நன்றாக இருக்க அப்பாவின் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள மருமகன்,
இளவழகன்

பின்குறிப்பு: சனிக்கிழமை மாலை ஆறு மணி. மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டு முகவரியும் எழுதிய பிறகு, பேனர் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று நேரில் பார்த்துவிடலாம் என்று ஒரு மணி பஸ்ஸில் சேத்தியாத்தோப்புக்கு வந்தேன். கூட்டுரோட்டில் காவியா இல்லை. அந்த இடத்தில் ஒரு காதுகுத்து பேனர் இருந்தது, பதினெட்டுத் தாய்மாமன்களின் படத்தோடு. திருமாலுக்குப் போன் போட்டேன், இந்தத் தடவை எடுத்தார். “நேத்து சாயந்தரம் ஆறு மணிக்குக் கட்னன் சார். ஏழு மணிக்கெல்லாம் காதுகுத்துக்காரங்க வந்து அதே கொம்புல அவுங்களுத கட்டிட்டாங்க. கேட்டா சண்டைக்கு வராங்க. நீங்க கவலப்படாதீங்க, உங்க பொண்ணு பின்னாடி பத்திரமா இருக்குது” என்றார். சுற்றிப் போய்ப் பார்த்தேன். பின்பக்கம் சுவர். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை தெரிந்தது.

ஆகவே பேனரை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்கப்போவதும் இல்லை. இந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. டீக்கடையில் ஒரு டீ குடித்தேன். உங்கள் தெருமுனை வரை நடந்து வந்தேன். வாசலில் காவியாவின் சைக்கிள் நின்றது. அது புதியது, நான் வாங்கிக் கொடுத்தது அல்ல. வீட்டுக்குள் டிவி சத்தம் கேட்டது. அழைக்காமல் வரக்கூடாது என்று திரும்பி மூன்றரை பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

உறையைப் பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். நேரமில்லை என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள், நேரம் நிறைய இருக்கிறது. கேட்கவில்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருப்பதையும் அடித்துவிடுங்கள். காவியாவை அனுப்புங்கள் மாமா. சாவித்திரி கூட வந்தால் அதைவிட நல்லது. இரண்டாவது முகாம் மே 31 வரை நடக்கிறது. எந்த நாள் என்று முன்கூட்டியே சொல்லக்கூட வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து வரும் காலை பஸ் ஆறரைக்கு இங்கே நிற்கிறது, முகாம் ஏழு மணிக்குத்தான். திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பஸ்ஸில் கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்துவிட்டுத்தான் தோப்புக்குப் போவேன்.